பாண்டியம்மாளின் சராசரி முகம்

பாண்டியம்மாளுடைய முகத்தின் வலது பாதியை நடுவம் எடுத்துக்கொண்டது இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்துச் சித்திரையில், ஒரு புதன்கிழமை. இடது பாதி அவளிடமே விடப்பட்டது. அந்தப் பாதியையும் அவள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நடுவத்தின் முழுப் பெயர் ‘தாவரச் சாறுகள் வழி முதுமைத் தடுப்பு மற்றும் சரும ஒளிர்வு ஆய்வு நடுவம்’. சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற ரோட்டில், முன்பு வாழைத்தார் பழுக்கப்போட்ட கிட்டங்கியில் அது இருந்தது. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கிழடு தட்டிவிடும் என்று ஊர்க்காரர்கள் ‘வெள்ளையாபீசு’ என்று சுருக்கிக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் வயசாகக் கூடாது. பணி ஓய்வு உண்டு. ஆனால் வயசானதால் ஓய்வு என்று கோப்பில் எழுதக் கூடாது. வாசல் வேப்பமரம் பழுத்த இலையை உதிர்த்தபோது, பெருக்குகிற அம்மாளிடம் விளக்கம் கேட்டார்கள். “மரத்தைக் கேளுங்க” என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குப் பாண்டியம்மாள் பேராசைப்பட்டுப் போகவில்லை. திராட்சைத் தோட்டத்தில் ஒரு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு வருகிறவரைக்கும் அவளுக்கு வேலை கிடையாது. மகள் மாரீஸ்வரிக்குக் குச்சனூரில் ஒரு மாப்பிள்ளை ஒத்து வந்திருந்தான். சுரேஷ்கண்ணன் என்று பெயர். தேனியில் ஒரு செல்போன் கடையில் வேலை. வெயிலில் நிற்காமல் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளை அந்தத் தெருவுக்கே அவன்தான் முதல். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பரிசம் போடுவதாகப் பேச்சு. நகைநட்டுப் போட வக்கில்லாத வீடு. ‘ஒரு குறை சொல்ல முடியாத குடும்பம்’ என்ற பெயர் ஒன்றுதான் சீதனம். அதை நம்பித்தான் மாப்பிள்ளையின் தாயார் அக்கம்மாள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தாள்.

அந்தச் சமயத்தில் நடுவத்தின் கண்காணிப்பாளர் பொன்னுராஜ் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார். “தாய்மார்களே! உங்கள் முகத்தை அறிவியலுக்குத் தாருங்கள்! தோட்டக் கூலியே இங்கும் கூலி! மதியச் சாப்பாடு உண்டு, வடை உண்டு!”

பாண்டியம்மாள் புருஷன் சின்னக்கருப்பைக் கேட்டாள். அவன் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். தண்ணீரைத் தவிர எதைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது.

“மூஞ்சிய அறுத்தா எடுத்துக்கிரப் போறாக? போய்ட்டு வா புள்ள” என்றான்.

அவளுக்கும் மனசுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. சம்பந்தி முன்னால் கொஞ்சம் தெளிச்சியாக நின்றால் மகளுக்குக் கௌரவம்தானே. கறுப்பு என்றாலும் களையான முகம் அவளுக்கு. அதுவரை அதில் குறை இருப்பதாக அவளிடம் யாரும் சொன்னதில்லை.

நடுவத்தில் சொன்னார்கள். நிற அட்டை என்று ஒன்றைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்பது நிறங்கள். பால், முத்து, சந்தனம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஐந்தாவது கோதுமை. எட்டு வரைக்கும்தான் அட்டை அடித்தவனுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்பதாவதற்கு ‘பிற’ என்று போட்டுவிட்டான். பாண்டியம்மாள் ‘பிற’வில் வந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் ‘பிற’தான். ‘பால்’ என்ற இடத்தில் வந்தது கிட்டங்கியின் சுவர் மட்டுமே.

இயக்குநர் டாக்டர் ஆதித்தன் அவளைக் கூப்பிட்டு விளக்கினார். தலைக்கு அவர் போட்டிருந்த மை காது வரைக்கும் இறங்கியிருந்தது.

“வலது பக்கம் சாறு பூசுவோம்மா. இடது பக்கம் பூசமாட்டோம். அது ஒப்பீட்டுப் பகுதி. அப்பத்தான் சாறு வேலை செஞ்சதா இல்லையான்னு நிரூபிக்க முடியும்.”

“ரெண்டு பக்கமும் பூசுனா வேலை செஞ்சது தெரியாதா சார்?”

“தெரியும். ஆனா நிரூபிக்க முடியாது. எங்களுக்குத் தெரியறது முக்கியமில்ல.”

நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நீல மையால் கோடு இழுத்தார்கள். கோடு மூக்கில் வந்து சிக்கிக்கொண்டது. மூக்கு எந்தப் பக்கத்தில் சேர்த்தி என்று குழு கூடியது. குமுளி செக்போஸ்டில் நிற்கிற லாரியைப் போல மூக்கு அரைநாள் காத்துக் கிடந்தது. கடைசியில் மூக்கு இரு தரப்புக்கும் பொது என்றும், அதற்கு நேருகிற எதற்கும் இரு தரப்பும் பொறுப்பல்ல என்றும் முடிவாயிற்று.

சாறு மூன்று குப்பிகளில் வந்தது. மூடியைத் திறந்ததும் கக்கூஸ் கழுவுகிற மருந்து வாடை மூக்கில் ஏறியது.

“என்ன செடி சார் இது?” என்று பொன்னுராஜைக் கேட்டாள் பாண்டியம்மாள்.

“பன்னீர் திராட்சை விதைச் சாறு. உங்க தோட்டத்துப் பழம்தான். அடுத்தது அதிமதுர வேரு. மூணாவது ஊக்கி நாலு.”

“ஊக்கி நாலுங்கிறது என்ன செடி?”

பொன்னுராஜ் கொஞ்சம் யோசித்தார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. “அது நீல டிரம்முல வருதும்மா.”

“டிரம்முல வர்ற செடியா?”

“இயற்கையானதுன்னு டிரம்மு மேலயே எழுதியிருக்கே, அப்புறமென்ன?”

அப்புறம் ஒன்றுமில்லை. முதலில் கன்னம் எரிந்தது. ‘சாறு வேலை செய்கிறது’ என்றார்கள். பிறகு தோல் உரிந்தது. ‘முதுமை உரிகிறது’ என்று குறித்துக்கொண்டார்கள். ஆனி பிறந்தபோது வலது பாதி வெந்த கிழங்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. அட்டையை வைத்துப் பார்த்தால் முதல் நிறம், பால். நடுவத்தில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். பாண்டியம்மாளுக்கு மென்றால் எரியும் என்பதால் அவள் பங்கைப் பொன்னுராஜே சாப்பிட்டுவிட்டார்.

இடது பக்கத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. அங்கே சோப்புப் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, மஞ்சள் படவே கூடாது. மற்றதெல்லாம் பாண்டியம்மாளுக்குச் சரிதான். மஞ்சள் விஷயம்தான் இடித்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்காமல் அவள் ஒரு வாரமும் இருந்ததில்லை. கட்டினவன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கையில் மஞ்சளில்லாத முகத்தோடு விளக்கேற்றுவது எந்த ஊர் வழக்கம்? வலது பக்கம் மஞ்சளைக் காட்டினாலே நெருப்பாய் எரிந்தது. ஆகவே இடது பாதிக்கு மட்டும் கிழங்கு மஞ்சளை உரசி நன்றாகப் பூசி, ‘பாதிக்குப் பாதியாவது இருக்கட்டும் மாரியாத்தா’ என்று கும்பிட்டுக்கொண்டாள். நடுவத்துக்குப் போகுமுன் தேய்த்துக் கழுவிவிடுவாள். புருஷன் ஆயுளுக்கு அவள் கண்ட வழி அது.

இதற்குள் தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. அடுத்த வெட்டுக்குத் தோட்டத்தில் ஆள் எடுத்தபோது மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கோவிச்சுக்காத ஆத்தா. திங்கிற பழத்துல கை வைக்கிற வேலை. யாவாரிக வந்து பாத்தா வெண்படைனு நெனைப்பாக. சரியானதும் வா.”

வெண்படை என்ற சொல் காதில் விழுந்ததும் பாண்டியம்மாள் முந்தானையை இழுத்து வலது கன்னத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சொல் ஒரு வீட்டு வாசலில் ஏறிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை எவனும் கட்டமாட்டான். குச்சனூர் ஒன்றும் சீமையில் இல்லை. ஒரு பஸ் ஏறினால் அக்கம்மாள் காதுக்குப் போய்விடும்.

நேரே இயக்குநரிடம் ஓடினாள்.

“சார், எடப்பக்கமும் பூசி விட்ருங்க சார். வெள்ளையோ கறுப்போ, ஒரே நெறமா இருந்தாப் போதும். ஆவணியில எம் மகளுக்குப் பரிசம்.”

டாக்டர் ஆதித்தன் அதிர்ந்துபோனார். “ஒப்பீட்டுப் பகுதியைத் தொடறதா? அது அறிவியலுக்குச் செய்யற துரோகம்மா. உங்க இடது கன்னம் உங்களோடது இல்ல. அது உலகத்தோடது.”

“அப்ப இது வெண்படை இல்ல, நீங்க பூசுன சாறுனால வந்ததுனு ஒரு காயிதம் குடுங்க சார்.”

“அதெப்படி? நாங்க தயாரிக்கிறது அழகுப்பொருள். அழகுப்பொருள் தோலை மாத்தாது. தோலை மாத்துனா அது மருந்து. மருந்துக்கு வேற துறை. நாங்க மருந்து தயாரிக்கறதில்ல. ஆகையினால உங்க தோல் மாறல.”

“மாறியிருக்கே சார்? நீங்களே கேசரி கிண்டுனீகளே?”

“அது ஒளிர்வு. ஒளிர்வு வேற, மாற்றம் வேற.”

அவளுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் காரியம் பெரிசு. தினமும் போய் வாசலில் நின்றாள். கடைசியில் பொன்னுராஜுக்கே இரக்கம் வந்து, “ஆய்வு முடிஞ்சா அறிக்கை வரும்மா, அதுல எல்லாம் இருக்கும்” என்றார். ஆய்வை முடிக்கச் சுருக்கமானியைக் கொண்டுவந்தார்கள். முகத்துச் சுருக்கத்தை அளக்கிற கருவி அது. வலது கன்னத்தில் வைத்தார்கள், சுருக்கம் கூடியிருந்தது. இடது கன்னத்தில் வைத்தார்கள், குறைந்திருந்தது. கருவியைத் தட்டிப் பார்த்தார்கள், பேட்டரி மாற்றினார்கள், பொன்னுராஜின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். கருவியில் கோளாறு இல்லை. பூசாத பக்கம் பூசிய பக்கத்தை ஜெயித்துக்கொண்டிருந்தது.

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. “இடது பக்கம் என்னம்மா பண்ணீங்க?”

பாண்டியம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னால் சீக்கிரம் காகிதம் கிடைக்கும் என்றும் நினைத்தாள். மஞ்சள் பூசியதைச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே விசாரணை தொடங்கியது. மறுநாள் தபாலில் ஒரு குறிப்பாணை வந்தது. ‘பெறுநர்: இடது கன்னம், மேற்பார்வை: பாண்டியம்மாள்’ என்று மேலே போட்டிருந்தது. ‘ஒப்பீட்டுப் பகுதியாகிய தாங்கள், உரிய அனுமதியின்றிப் பொலிவடைந்தமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்.’

நேரில் ஆஜரானாள். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, இடது கன்னம் மட்டும் குழுவுக்குத் தெரியும்படி உட்காரவைத்தார்கள். அவள் வாயைத் திறந்தபோது, “நீங்க பேசக் கூடாதும்மா, குறிப்பாணை உங்களுக்கு இல்ல” என்று தடுத்துவிட்டார்கள். கன்னத்துக்குக் கேள்விகள் வாசிக்கப்பட்டன. கன்னம் பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று பதிவு செய்து, இடது கன்னத்தை மறு உத்தரவு வரும் வரை தற்காலிகமாக நீக்கிவைத்தார்கள்.

“அப்ப வலப்பக்கத்துக்குக் காயிதம்?” என்று கேட்டாள் பாண்டியம்மாள்.

“ஒப்பீடு கெட்டுப்போச்சு. ஒப்பீடு கெட்டா ஆய்வே நடக்கலைன்னு அர்த்தம். ஆய்வு நடக்கலைன்னா சாறும் பூசல” என்றார் டாக்டர் ஆதித்தன். அதற்கு மேல் அவள் அழுததைப் பார்க்க அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “சரி, முதுமை ஒழிப்பு நாள் விழா வருது. நடுவத்தை நடத்தற அரசு வாரியத்தோட தலைவர் வர்றார். அன்னைக்கு மேடையில வச்சே ஒரு சான்றிதழ் குடுத்திடறோம். உங்க முகத்துல ஒண்ணுமில்லைன்னு. போதுமா?”

போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கொடுக்கிறேன் என்கிறார், இனி என்ன கவலை என்று வீட்டில் வந்து மகளிடம் சொன்னாள். மாரீஸ்வரி அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். “ஒண்ணுமில்லேன்னா சந்தோசந்தான்” என்றாள்.

விழா ஆடிக் கடைசியில் நடந்தது. வருகிற பெண்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் குடம் இலவசம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்லியிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேடையில் பாண்டியம்மாளை உட்காரவைத்து, நீக்கிவைக்கப்பட்ட இடது பாதியை மட்டும் ஒரு பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். காற்று வீசும்போதெல்லாம் துணி விலகியது. பொன்னுராஜ் ஓடிவந்து சரி செய்தார்.

டாக்டர் ஆதித்தன் பேசினார். “இந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் கறுப்பு என்பதே தெரியாமல் வாழ்ந்துவந்தார்கள். அந்த அறியாமையைப் போக்கியது நம் நடுவம். நாங்கள் வருவதற்கு முன்னால் தன் முகத்தில் குறை என்று இங்கே ஒரு பெண்கூட வந்து நின்றதில்லை. இன்றைக்கு வீட்டுக்கு வீடு குறை இருக்கிறது! இதைவிடப் பெரிய சாதனை வேறு என்ன வேண்டும்?”

கைதட்டல் அடங்கியதும் வாரியத் தலைவர் எழுந்தார். அவரால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். “முதுமை என்பது மனசில்தான் இருக்கிறது” என்று தொடங்கியவர், அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பாண்டியம்மாள் கையில் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. பொன்னுராஜ் மைக்கில் வாசித்தார். “பாண்டியம்மாள் அவர்களின் முகம் வலப்புறம் ஒன்றாம் நிறம். இடப்புறம் ஒன்பதாம் நிறம். இரண்டையும் கூட்டி வகுத்ததில் சராசரி ஐந்தாம் நிறம். ஆகவே அவர் முகம் முழுவதும் சீரான கோதுமை நிறம் என்றும், நடுவத்தின் எந்தச் சாற்றாலும் இம்முகத்தில் எவ்வித மாற்றமும் ஏற்படவில்லை என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது.”

காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள் பாண்டியம்மாள். கீழே, கையில் சிவப்புக் குடத்தோடு, அக்கம்மாள் நின்றிருந்தாள்.

சம்பந்தியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வலதும் பார்த்தாள், இடதும் பார்த்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

“மதினி, மூஞ்சியில என்ன இது?”

“ஒண்ணுமில்ல மதினி, இவுக பூசுன சாறுனால வந்தது. சீக்கு இல்ல மதினி. இந்தா, எழுதியே குடுத்திருக்காக, பாருங்க.”

அக்கம்மாள் எட்டாவது வரை படித்தவள். காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். கடைசி வரியை இன்னொரு தரம் படித்தாள்.

“இவுக சாறுனால எந்த மாத்தமும் வரலேன்னுல்ல எழுதியிருக்காக?”

“ஆமா மதினி.”

“சாறுனால வரலேன்னா, அப்ப இது தானா வந்ததுதான?”

பாண்டியம்மாள் திரும்பி மேடையைப் பார்த்தாள். மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் குத்தமாச் சொல்லல மதினி” என்றாள் அக்கம்மாள். அவள் கெட்டவள் இல்லை. குரலும் உடைந்துதான் இருந்தது. “எனக்கு இருக்கிறது ஒத்தப் பய. நாளைக்கு ஒரு பேரப்புள்ள பொறந்து அதுக்கும் இப்பிடி வந்துச்சுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். கவர்மெண்டு முத்திரை குத்தின காயிதத்தப் படிச்சுப்புட்டும் பொண்ணு எடுத்தியேனு கேப்பாக.” காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்து போயிற்று. சுரேஷ்கண்ணனுக்குச் சீலையம்பட்டியில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. சின்னக்கருப்பு ஒருநாள் முழுவதும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. பாண்டியம்மாளைத் தோட்டத்துக்குக் கூப்பிடவில்லை. சீக்கு வீட்டுப் பெண் என்று மாரீஸ்வரியையும் இப்போது கூப்பிடவில்லை.

புரட்டாசியில் பொன்னுராஜ் ஜீப்பில் வந்தார். மைக் இல்லாமல் வந்திருந்தார். நல்ல சேதி என்றார்.

“உங்க கஷ்டத்தை இயக்குநர்கிட்ட எடுத்துச் சொன்னேம்மா. மனசு இரங்கிட்டார். வாரிசு அடிப்படையில உங்க மகளுக்கு நடுவத்துல இடம் போட்டிருக்கு. அதே கூலி, அதே சாப்பாடு. உங்களுக்கு வலப்பக்கம் பூசுனதுல ஒப்பீடு கெட்டுப்போச்சில்ல? மகளுக்கு இடப்பக்கம் பூசுனா ஒரு முகம் முழுசாயிரும். அறிவியலும் முழுசாயிரும்.”

பாண்டியம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். பொன்னுராஜ் ஜீப்பில் ஏறிவிட்டார். ஆனால் மாரீஸ்வரி வாசலிலேயே நின்று ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விறகு பொறுக்கிவிட்டு வந்து பார்த்தபோது வீட்டில் மகள் இல்லை. பாண்டியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. விறகைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ரோட்டோடு ஓடினாள். காவல்காரன் தடுத்ததையும் மீறி உள்ளே புகுந்தாள். மாரீஸ்வரி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நீலக்கோடு போட்டாயிற்று. மூக்கைப் பற்றி இந்தத் தடவை யாரும் சண்டை போடவில்லை, முன்னுதாரணம் இருந்தது.

“எந்திரி புள்ள!” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடும்மா. வேலைக்கும் கூப்பிட மாட்டேங்கிறாக. இனி என்னைய யாரு வந்து பாக்கப் போறாக? இங்கன உக்காந்தா மூணு பேருக்கு ஒலை கொதிக்கும்.”

பாண்டியம்மாள் இயக்குநரின் காலில் விழுந்தாள். “சார், அவளுக்கு வேணாம் சார். எம் மூஞ்சியில எடப்பக்கம் பாக்கி இருக்கில்ல, அதை எடுத்துக்கங்க. கூலியும் வேணாம், சோறும் வேணாம். எனக்குப் பூசுங்க.”

“உங்க இடப்பக்கம் இன்னும் விசாரணையில இருக்கேம்மா” என்றார் டாக்டர் ஆதித்தன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “விதியை மீறி நான் என்ன செய்ய முடியும்?”

அவள் எழுந்து மகளிடம் போனாள். மோவாயைப் பிடித்து அந்த இடது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்பன் நிறம், அவள் நிறம். பிறந்த அன்றைக்கு இந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சின்னக்கருப்பு, ‘அப்பிடியே நம்மள உரிச்சு வச்சிருக்கா’ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். பாண்டியம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுக்க மனசில்லாமல் நின்றாள்.

பொன்னுராஜ் பஞ்சைச் சாற்றில் நனைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து காத்திருந்தார்.

“கையை எடும்மா” என்றாள் மாரீஸ்வரி. “ஒப்பீடு கெட்டுப்போகும். நீ போய் வெளிய இரு.”